கண்ணாடிக்கு இந்தப் பக்கம்: ஜூவில் ஆராய்ச்சியைப் பார்த்தால் அறிவியல் புரியுமா?

ஜனவரி 9, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

"பிள்ளைகளோடு உயிரியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். குரங்குக் கூண்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு பெண் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கிறார், குரங்கு ஒன்றைத் தொடுகிறது, அவர் ஏதோ எழுதிக்கொள்கிறார். மறுபடியும் அதே. 'இங்கே ஆராய்ச்சி நடக்கிறது' என்று ஒரு பலகை. நாலு நிமிடம் நின்றோம். குரங்கு சரியான கிண்ணத்தைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள், நாங்களும் தட்டிவிட்டு நகர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: 'அவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?' எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப் பார்ப்பதால் மக்களுக்கு அறிவியல் புரிகிறதா? இல்லை, சர்க்கஸுக்கே புதுப் பெயர் வைத்திருக்கிறார்களா?"

ஜனவரி 9, இரவு 10:05

புரியும். அடித்துச் சொல்வேன். படிக்கிற காலத்தில் ஓர் உயிரியல் பூங்காவில் எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் குரங்கு பார்த்த ஆள் நான். கிட்டத்தட்ட நீங்கள் சொல்கிற அதே அறை, அதே இரண்டு கிண்ணங்கள். பாதி நாள் கண்ணாடிக்கு உள்ளே, பாதி நாள் வெளியே கூட்டத்தோடு.

அறிவியல் என்றால் வெள்ளைக் கோட்டும் புகை கிளம்பும் குடுவையும் என்று நினைத்து வந்தவர்கள், ஒரு மனுஷி ஒரே கேள்வியை ஒரு குரங்கிடம் இருபது தடவை கேட்டு, இருபது தடவையும் பென்சிலால் ஒரு கோடு போடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது. அங்கே விடை மட்டும்தான் அச்சாகியிருக்கும்.

எங்கோ ஒரு மூலையில் நடக்கிற கூத்தும் இல்லை இது. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்கா 1995இலேயே விலங்குகள் எப்படி யோசிக்கின்றன என்பதற்காகவே ஒரு கட்டடம் திறந்தது. பார்வையாளர்களின் தலைக்கு மேலே கட்டிய கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஒராங்குட்டான்கள் அங்கே போய் வரும். ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்காவில் 2001இல் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு மனிதக்குரங்கு ஆய்வு மையம் வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ உயிரியல் பூங்காவில் 2008இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் கபுச்சின் குரங்குகளையும் அணில் குரங்குகளையும் வைத்து ஒன்றைத் திறந்தது. அங்கே ஆய்வு அறைக்குள் குரங்கு தானாக வந்தால்தான் வேலை. வராவிட்டால் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 9, இரவு 11:40

"குரங்கு பார்த்த ஆள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் சிரிக்கிறார்கள். என்ன வேலை அது என்று சொல்லிவிடுகிறேன்.

கையில் ஓர் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், இடுப்பில் நிமிடத்துக்கு ஒரு தடவை 'பீப்' அடிக்கும் கடிகாரம். பீப் அடிக்கிற அந்த நொடியில் எந்தக் குரங்கு என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும். தின்றால் 'தி'. பேன் பார்த்தால் 'பே'. சும்மா உட்கார்ந்திருந்தால் 'சு'. கண்ணில் படாவிட்டால் 'ப'. என் தாள்களில் அதிகம் இருப்பது 'ப'தான். கிளைக்குப் பின்னால் ஒரு வால் நுனி மட்டும் தெரியும், அந்த வால் யாருடையது என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த பீப்.

பீப்புக்கு மூன்று நொடி முன்னால் இரண்டு குரங்குகள் கட்டிப்புரண்டிருக்கலாம். பீப் அடிக்கும்போது இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு 'சு'. பக்கத்தில் நிற்பவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். "என்னங்க, சண்டையை எழுதலையா?" என்று ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். கண்ணைப் பறிப்பதையெல்லாம் எழுதினால் தாளில் சண்டை மட்டும்தான் நிறையும், குரங்குகள் நாளெல்லாம் அடித்துக்கொள்கின்றன என்று முடிவு வரும். 1974இல் ஜீன் ஆல்ட்மன் என்ற குரங்கு ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறையில் 'எப்படிப் பார்ப்பது' என்பதையே ஒழுங்குபடுத்தியது. சண்டையை எண்ணத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு முறை, வேறு தாள். பெரியவருக்கு இதைச் சொன்னேன். "அப்போ சண்டைக்குன்னு தனியா ஒருத்தர் நிக்கணும்" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 10

கேள்வி கேட்ட வாசகர் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குரங்கைப் பார்க்காமல் குனிந்த தலை நிமிராமல் இருந்தாராம். "பாவம், அந்தக் குரங்கைப் பார்த்து ஒரு சிரிப்புகூட இல்லை."

அது ஒரு குதிரையால் வந்த வினை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டும். ஊரே திரண்டு பார்த்தது. 1904இல் ஒரு குழு வந்து சோதித்து, மோசடி எதுவும் இல்லை என்றது. உண்மையிலேயே இல்லை. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் இரண்டே மாற்றங்கள் செய்து பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார், கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடியும் செய்தார். ஹான்ஸுக்குக் கணக்கு மறந்துபோனது. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலையும் உடம்பும் அவரை அறியாமல் துளி அசையும், குதிரை அதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது. அசைகிறோம் என்று கேட்டவர்களுக்கே தெரியாது.

அதனால்தான் கறுப்புக் கண்ணாடி. கிண்ணத்தின் பக்கம் கண் ஓடினால் போதும், குரங்கு படித்துவிடும்.

எங்கள் இடத்தில் அதைவிடப் பெரிய தலைவலி பார்வையாளர்கள். ஒரு கிண்ணத்துக்கு அடியில் திராட்சையை மறைவுக்குப் பின்னால் வைத்துத்தான் ஒளிப்பார்கள், ஆனால் மறைவு குரங்குக்குத்தான், கூட்டத்துக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று விரலை நீட்டும். ஒரு வாரத்துத் தாள்களை அப்படியே ஒதுக்கினார்கள். பிறகு இடுப்பளவு உயரத்துக்குக் கண்ணாடியில் காகிதம் ஒட்டினோம். "மக்கள் பார்க்கத்தானே வைத்திருக்கிறீர்கள், எதை மறைக்கிறீர்கள்?" என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தார். ஹான்ஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நாங்கதான் அந்தக் குதிரைக்காரரா?" என்றார்.

அவருக்கு அன்றைக்குப் புரிந்த அறிவியல் எனக்கு அந்த வயதில் புரிந்திருக்குமா என்று தெரியாது. இன்னமும் சொல்கிறேன்: பார்த்தால் புரியும்.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். (நேற்று இல்லை, முந்தாநாள்.) அந்த 1904 குழுவில் பெர்லின் உயிரியல் பூங்காவின் இயக்குநரும் இருந்தார். விலங்கோடு பழகியவர்களுக்கும் அந்த அசைவு கண்ணில் படவில்லை. ஜூக்காரர்களைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஜனவரி 15

"காணொளியில் பார்த்தாலே போதாதா, நேரில் எதற்கு?" என்று கேட்டவருக்கு.

லைப்சிக்கில் 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. செங்குத்தான கண்ணாடிக் குழாய், கால்வாசித் தண்ணீர், மேலே மிதக்கும் நிலக்கடலை. விரல் எட்டாது, குச்சி கிடையாது. ஒராங்குட்டான்கள் குடிநீர்க் குழாயிலிருந்து வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து துப்பித் துப்பிக் கடலையை மேலே ஏற்றின. சோதித்த ஐந்தும் செய்தன. பார்க்க அற்புதமாக இருக்கும்.

முதல் தடவை அந்த யோசனை தோன்றப் பல நிமிடங்கள் ஆயின, பழகியபின் சடசடவென்று முடிந்துவிட்டது. ஒரு துண்டுக் காட்சியாகப் பார்க்கிறவருக்கு இந்த இரண்டாவது கட்டம்தான் கிடைக்கும்: வந்தது, துப்பியது, தின்றது. எனக்கு வேண்டியது முதல் கட்டம். குழாயைக் கடிப்பது, உதைப்பது, போய்ப் படுத்துக்கொள்வது, திரும்பி வருவது. நேரில் நின்றால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்ட ஆள் இல்லை.

ஜனவரி 16

ஒருவர் கேட்டார்: மக்கள் கண்ணில் படாத ஆராய்ச்சியும் நடக்குமா என்று. பெரும்பாலானவை அப்படித்தான். அதிலும் பாதி, சாணத்தைப் பொறுக்குவது. ஹார்மோன் அளவு பார்க்க ரத்தம் எடுத்தால் விலங்கு மிரளும், சாணத்தில் எடுத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரே கூண்டில் நாலு விலங்குகள் இருந்தால் எது யாருடையது? தீனியில் ஆளுக்கொரு நிறத்தில் ஜிகினாத் தூள் கலந்துவிடுவார்கள், உடம்புக்குக் கெடுதல் இல்லாத வகை. மறுநாள் காலையில் பச்சை மினுங்கினால் இவன், தங்கம் மினுங்கினால் அவள். இதற்கு ஒரு கண்ணாடி அறை வைத்தால் கூட்டம் அள்ளும் என்று நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. "பார்த்தால் புரியும்" என்று அடித்துச் சொன்னேனே, பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்ட கதைகளையும் சொல்லத்தானே வேண்டும்? அதிலும் பார்த்தவர்கள் பொதுமக்கள் மட்டும் இல்லை.

லண்டன் உயிரியல் பூங்கா, 1925. செயற்கைப் பாறைக் குன்று ஒன்று கட்டி ஏறக்குறைய 100 ஹமத்ரியாஸ் பபூன்களை (நாய்முகக் குரங்கு வகை) விட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாம் ஆண்கள், தப்பித்தவறிச் சில பெண்கள். இரண்டு வருடம் கழித்து இன்னும் 30 பெண் குரங்குகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆண்கள் அவற்றுக்காக அடித்துக்கொண்டதில், இழுத்துப் பறித்ததில், மிகப் பெரும்பாலான பெண் குரங்குகள் செத்தன. எல்லாம் வேலியைச் சுற்றி நின்ற கூட்டத்தின் கண்ணெதிரே. சாலி சுக்கர்மன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து 1932இல் புத்தகம் எழுதினார், குரங்குச் சமூகத்தைக் கட்டி வைத்திருப்பது காமமும் ஆதிக்கமும்தான் என்கிற பார்வை அதில். கூட்டம் போட்ட கணக்கும் அதேதான்: இதுதான் குரங்கின் சுபாவம். பின்னால் ஹான்ஸ் கும்மர் என்ற சுவிஸ் ஆய்வாளர் எத்தியோப்பியாவில் அதே பபூன்களைப் பின்தொடர்ந்து நடந்தார். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள், இப்படிப் பல குடும்பங்கள் சேர்ந்த குழு, பல குழுக்கள் சேர்ந்த பெருங்கூட்டம். நாளும் கொலை விழுகிற சமூகம் இல்லை அது. லண்டனில் பார்த்தது பொய் இல்லை. ஆனால் அது முன்பின் தெரியாத நூறு ஆண்களை ஒரு குன்றில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கான விடை. பபூன் எப்படி வாழும் என்பது வேறு கேள்வி.

ஓநாய்க் கதையும் இதே ரகம்தான். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, பதவிக்கு மோதிக்கொள்ளும் கூட்டமாக எழுதினார். 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம், மோதி ஜெயித்துக் கூட்டத்தை ஆளும் 'ஆல்ஃபா' ஓநாயை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே மெக் 1999இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று திருத்தி எழுதினார். பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமே கேட்டார். மேலாண்மை வகுப்பு எடுப்பவர்களுக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. என் பழைய மேலாளர் ஒருவர் தன்னை ஆல்ஃபா என்று சொல்லிக்கொள்வார். குடும்பத்தலைவர் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 22

"அப்படியானால் ஜூ ஆராய்ச்சியே குப்பையா?" இல்லை ஐயா. கும்மர் எத்தியோப்பியாவுக்குப் போகுமுன் ஹமத்ரியாஸ்களைப் பார்த்துப் பழகியதே சூரிக் உயிரியல் பூங்காவில்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் மூன்று ஆசிய யானைகளுக்குப் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. ஹேப்பி என்ற யானையின் தலையில் ஒரு பக்கம் வெள்ளைக் குறி, மறுபக்கம் அதே இடத்தில் நிறமே தெரியாத குறி. தடவியது தெரிந்து தொடுகிறதா, பார்த்துத் தொடுகிறதா என்று பிரித்தறியத்தான் அந்த இரண்டாவது குறி. ஹேப்பி வெள்ளைக் குறியைத் திரும்பத் திரும்பத் துதிக்கையால் தொட்டது. மற்ற இரண்டும் குறியைச் சட்டை செய்யவில்லை. மக்கள் மனதில் நின்றது "யானைக்குத் தன்னைத் தெரியும்". மூன்றில் ஒன்று என்பது போயிற்று, நிறமில்லாத குறியும் போயிற்று. ஹேப்பியை அங்கிருந்து விடுவிக்க வேண்டும் என்று வழக்கே நடந்தது, 2022இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில் மறுத்தது. யானையை அடைத்து வைக்கலாமா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, அது வேறு இழை.

எனக்குப் பிடித்தது அந்த நிறமில்லாத குறிதான்.

பிப்ரவரி 2

பரணில் என் பழைய நோட்டு கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

முதலில், எட்டு மாதம் இல்லை. ஐந்து மாதம்.

அடுத்தது மோசம். கிழிகாது என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெண் கபுச்சின். இடது காது நுனியில் ஒரு வெட்டு. எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரி என்று இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிண்ணத்தையும் கவிழ்த்து வைப்பார்கள், ஒன்றில் திராட்சை. பிறகு வெறும் கிண்ணத்தை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். "இதில் இல்லை, அப்போ அதில்" என்று யோசிக்கிறதா என்பதுதான் கேள்வி. கிழிகாது டக்கென்று மற்றதைத் தொடுவாள், கூட்டம் ஆரவாரம் செய்யும். என் நினைவில் அப்படித்தான்.

நோட்டில் அவள் பக்கம்: வெறும் கிண்ணம் காட்டிய 24 தடவையில் 13 சரி. இரண்டில் ஒன்று என்கிற விளையாட்டில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 12 வரும்.

பக்கத்துப் பத்தியில் 12க்கு 12 சரி. அது என்ன பத்தி? திராட்சை இருக்கும் கிண்ணத்தையே தூக்கிக் காட்டியது. குரங்கு விழித்திருக்கிறதா, திராட்சை வேண்டுமா, விளையாட்டு புரிகிறதா என்று சரிபார்ப்பதற்காக நடுநடுவே நுழைக்கிற சுலபமான தடவைகள். அதில் தப்பு செய்தால்தான் அதிசயம்.

கூட்டம் கைதட்டியது இதற்கு. நான் வருடக்கணக்காகப் பெருமை அடித்ததும் இதற்கு. பென்சிலும் தாளும் என் கையில்தான் இருந்தன, ஒவ்வொரு கோடும் என் கையெழுத்து. வெளியே நின்று நாலு நிமிடம் பார்த்தவரை என்ன சொல்ல?

பிப்ரவரி 3

காலையில் எழுந்ததும் முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். "குரங்கு சரியாகத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள்." நீங்கள் கைதட்டியது எந்தத் தடவைக்கு? நினைவிருந்தால் எழுதுங்கள். அதற்குமுன் அந்தப் பெண் எந்தக் கிண்ணத்தைத் தூக்கினார், உள்ளே என்ன இருந்தது?

உங்கள் சர்க்கஸ் கேள்விக்கு என் புது விடை: கேள்வி எது என்று சொல்லாமல் விடையை மட்டும் காட்டினால், உள்ளே நடப்பது சுத்தமான அறிவியலாக இருந்தாலும் வெளியே நிற்பவருக்கு அது வித்தைதான். 'இங்கே ஆராய்ச்சி நடக்கிறது' என்ற பலகையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'இப்போது கேட்கும் கேள்வி இது, இதுவரை இத்தனை சரி, இத்தனை தப்பு' என்று ஒரு கரும்பலகை வைக்கலாம். தப்பு நிறைய இருந்தால் இன்னும் நல்லது.

அட்லாண்டா உயிரியல் பூங்காவில் நீர்நாய்களைக் கூட்டத்துக்கு முன்னால் பழக்கியபோது மக்கள் கூடுதல் நேரம் நின்றார்கள் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் இடத்திலும் கடைசி மாதம் என்னை அதற்குத்தான் போட்டார்கள். குரங்கை விட்டுவிட்டு மனிதர்களைக் குறிக்க வேண்டும், அதே அட்டை, அதே பீப். நிற்கிறார், பேசுகிறார், கைபேசி பார்க்கிறார், நகர்ந்துவிட்டார். நாலு நிமிடம் நின்றவரைப் பார்த்தால் எனக்குப் பூரிப்பாக இருக்கும். அவர் என்ன கேள்வியோடு வீட்டுக்குப் போகிறார் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. நின்ற நேரத்தைத்தான் 'புரிந்தது' என்று நான் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தகப்பனாரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் அதற்குக் கண்ணாடி போதவில்லை, ஒரு சண்டையும் ஒரு குதிரையும் தேவைப்பட்டன.

பிப்ரவரி 4

வாசகர் பதில் போட்டிருக்கிறார். அவருக்கு நினைவில்லை. மகளுக்கு இருக்கிறது: "திராட்சையைக் காட்டிட்டுத்தான் கேட்டாங்க. அது ஈஸி. அப்புறம் ஒரு தடவை தப்பாத் தொட்டுச்சு, அதுக்கு யாருமே ஒண்ணும் சொல்லல."

பிப்ரவரி 18

நேற்று ஓர் உயிரியல் பூங்காவுக்குப் போனேன், இதற்காகவே. கண்ணாடி அறை இருந்தது. கையில் என் பழைய நோட்டின் பின்பக்கம், இரண்டு பத்தி: காட்டியது வெறும் கிண்ணம், காட்டியது திராட்சை. உள்ளே ஒரு மாணவர். முதல் ஆறு தடவை ஒழுங்காகக் குறித்தேன். ஏழாவதில் பக்கத்தில் யாரோ தோளை இடித்ததில் எது தூக்கப்பட்டது என்று பார்க்கத் தவறிவிட்டேன். 'ப' என்று போட்டேன். கை மறக்கவில்லை.

பத்தாவது முடிந்ததும் குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு, சின்னக் கதவு வழியாக வெளியே போய்விட்டது. மாணவர் கிண்ணங்களை ஒதுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தது. கண்ணாடியைத் தட்டக் கூடாது, அதனால் என் தாளைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன். அவர் சிரித்துவிட்டுத் தன் தாளைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். பத்து வரி, அதற்குக் கீழே நேரம், அதற்குப் பக்கத்தில் 'போய்விட்டது'. முந்தைய நாளுக்கும் அப்படி ஒரு வரி இருந்தது.

என் பக்கத்தில் ஒரு பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"குரங்கு எங்கே போச்சு?"

"தெரியல. இரு, வருதான்னு பார்ப்போம்."

மூன்று பேரும் நின்றோம். சின்னக் கதவு ஒரு தடவை ஆடியது, காற்றுதான்.